பழைய வீட்டுச் சுவரில் ஓதம்: மறுபூச்சுக்கு முன் அறிய வேண்டியவை

பழைய வீடு ஒன்றை வாங்கியவர்களும் பாட்டனார் கட்டிய வீட்டைப் பழுதுபார்க்க முனைபவர்களும், உதிர்ந்து கிடக்கும் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசிவிடலாம் என்ற முடிவுக்குத்தான் பெரும்பாலும் முதலில் வருகிறார்கள். புதுப்பூச்சு ஓராண்டு பார்க்க நன்றாகவே இருக்கும். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை கடந்ததும் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் பெயின்ட் குமிழியிடத் தொடங்கும். பிறகு வெள்ளை வெளேரென்று உப்பு பூக்கும். விரலால் தட்டினால் பூச்சு சுவரைவிட்டு விலகி நிற்பது ஒலியிலேயே தெரியும். வீட்டுக்காரர் கொத்தனாரைக் குறை சொல்வார், கொத்தனார் மணலைக் குறை சொல்வார். பல நேரங்களில் இரண்டிலும் குறை இருப்பதில்லை. சுவருக்குள் நீர் எந்த வழியாக நுழைகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பாராமல் பூசியதுதான் கோளாறு. சுவரில் ஊறி நிற்கும் இந்த ஈரத்தைத்தான் ஓதம் என்கிறோம்.

இங்கே பழைய வீடு என்று குறிப்பிடுவது, நாட்டுச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டி, சுண்ணாம்புக் காரையே பூசிய வீட்டை. செட்டிநாட்டின் பெரிய வீடுகள், தஞ்சை, கும்பகோணம் பகுதியின் முற்றம் வைத்த வீடுகள், சென்னையின் மயிலாப்பூர், திருவல்லிக்கேணித் தெருக்களில் மரத்துலாங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளத்தோடு எஞ்சி நிற்பவை, நீலகிரியின் ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்கள் எல்லாம் இவ்வகையில் அடங்கும். போர்பந்தரில் 1914ஆம் ஆண்டில் சிமென்ட் உற்பத்தி தொடங்கிய பின்னும், பல பத்தாண்டுகளுக்கு நம் ஊர்களில் வீடு கட்டச் சுண்ணாம்பே பயன்பட்டது. எனவே ஒரு வீட்டின் வயது ஐயமாக இருந்தால், உட்சுவரின் மறைவான மூலையில் ஓரிடத்தைச் சுரண்டிப் பார்க்கலாம். சாந்து வெண்மையாகவோ வெளிர் செம்மையாகவோ இருந்து, ஆணியால் கீறினால் எளிதில் பொடியுமானால், அது சுண்ணாம்புச் சாந்தாகவே இருக்கக்கூடும்.

பழைய சுவர் ஈரத்தைக் கையாளும் விதம்

இன்றைய வீடுகளில் நீரை உள்ளே விடாமல் தடுப்பதே நோக்கம். பழைய சுவரின் இயல்பு வேறு. அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, வெயிலும் காற்றும் கிடைக்கும்போது அதை வெளியே விட்டுவிடும். மண்பானையின் மேற்புறம் கசிந்து ஆவியாவதைப் போன்றதே இது. அதே பானைக்கு எனாமல் பெயின்ட் அடித்துவிட்டால் கசிவு நின்றுபோவதை யாரும் ஊகிக்கலாம். செங்கல்லிலும் சுண்ணாம்புச் சாந்திலும் உள்ள நுண்துளைகள் தரையிலிருந்து நீரை மேலே இழுக்கின்றன. மேலே ஏறும் நீரும் சுவரின் முகத்தில் ஆவியாகும் நீரும் சமமாகும் உயரத்தில் ஈரம் நின்றுவிடும். சாதாரணமாக இந்த உயரம் மூன்று, நான்கு அடிக்குள் இருக்கும்.

இந்தச் சமநிலையைத்தான் சிமென்ட் பூச்சு குலைக்கிறது. அடர்ந்த சிமென்ட் பூச்சும், அதன் மேல் வழவழப்புக்காகத் தடவும் பட்டியும், அதற்கும் மேல் அடிக்கும் எமல்ஷன் பெயின்ட்டும் சேர்ந்து ஆவியாகும் பரப்பை ஏறக்குறைய மூடிவிடுகின்றன. உள்ளே ஏறும் நீர் அதனால் நிற்பதில்லை. ஆவியாக இடம் தேடி மேலும் உயரம் ஏறுகிறது. நான்கடி வரை வாட்டர்புரூஃப் கலவை சேர்த்துச் சிமென்ட் பூசிய சுவரில், ஐந்தாவது, ஆறாவது அடியில் புதிதாக உப்புக் கோடு தோன்றுவது இதனால்தான். மேலும், சுண்ணாம்புச் சாந்தில் நிற்கும் பழைய சுவர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்பச் சற்றே அசைந்து கொடுக்கும். சிமென்ட் பூச்சு அப்படி அசையாமல் மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் வழியே மழைநீர் உள்ளே எளிதாகப் போகும், வெளியே வரத் தடுமாறும்.

ஈரம் மூன்று வழிகளில் வருகிறது

தரையிலிருந்து ஏறும் ஓதத்தை அடையாளம் காண்பது ஒப்பீட்டளவில் எளிது. சுவரின் நீளம் முழுவதும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் கறைக்கோடு ஓடும். அந்தக் கோட்டை ஒட்டி உப்பு பூத்திருக்கும். கோடைக்காலத்திலும் முற்றாக மறையாது. மேலிருந்து வரும் ஒழுகல் அப்படிக் கோடாக வராது. கைப்பிடிச் சுவரின் உச்சி வெடிப்பு, மாடித் தளத்தில் பதித்த தட்டையான ஓடு பெயர்ந்த இடம், முற்றத்து ஓட்டுத் தாழ்வாரத்தின் துருப்பிடித்த தகரக் கால்வாய், சுவரில் வேர்விட்ட அரசங்கன்று ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்குக் கீழே திட்டாகத் தோன்றி, மழைக்குப் பின் பெரிதாகும். குளியலறைக் குழாய்க் கசிவும் இந்த வகைதான். ஆனால் அதற்கு மழை, வெயில் என்ற வேறுபாடு இல்லை. மூன்றாவது வழி, காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து நீராக மாறுவது. இதில் உப்பு பூக்காது. பீரோவுக்குப் பின்னாலும், காற்றோட்டம் இல்லாத மூலைகளிலும், கூரையை ஒட்டிய பகுதியிலும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படரும்.

ஐயம் தீராவிட்டால் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஓரடிச் சதுரத்துக்கு அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளின் வெளிமுகத்தில் நீர்த்துளி படிந்தால் அறைக் காற்றின் ஈரம்; பின்முகத்தில் படிந்தால் சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம். கடையில் கிடைக்கும் இரண்டு ஊசி வைத்த ஈரமானியைப் பழைய சுவரில் முழுமையாக நம்ப வேண்டாம். அது மின்கடத்தலை வைத்து ஈரத்தைக் கணிக்கிறது. உப்பேறிய சுவர் சிறிதளவு ஈரத்திலேயே நன்றாக மின்சாரம் கடத்துமாதலால், உண்மையில் இருப்பதைவிட மிகுந்த அளவைக் காட்டும். அந்த எண்ணைக் காட்டி வேதிப்பொருள் விற்க வருபவரிடம் கூடுதலாகவே எச்சரிக்கை தேவை.

உப்புதான் பெரிய எதிரி

ஓதத்தைப் பற்றிப் பேசுபவர்கள் நீரைப் பற்றியே பேசுகிறார்கள். பூச்சை உண்மையில் உடைப்பது நீர் அன்று, அது சுமந்துவரும் உப்பு. மண்ணிலிருந்தும் செங்கல்லிலிருந்தும் சிமென்ட்டிலிருந்தும் கரைந்த உப்புகள் நீரோடு சுவரின் முகத்துக்கு வருகின்றன. நீர் ஆவியாகிப் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. தங்கும் இடம் சுவரின் மேற்பரப்பாக இருந்தால் அது வெறும் வெண்தூள், துடைத்தால் போய்விடும். பெயின்ட்டுக்கோ அடர்ந்த பூச்சுக்கோ பின்னால் தங்கினால், துளைகளுக்குள் படிகமாக வளர்ந்து அந்தப் படலத்தையே உந்தித் தள்ளும்.

சோடியம் சல்ஃபேட் இந்த வேலையில் மிகவும் கொடியது. 32.4 பாகை செல்சியஸுக்குக் கீழே, ஈரம் கிடைத்தால் அது பத்து நீர் மூலக்கூறுகளை ஏற்றுக்கொண்டு, நீரற்ற நிலையில் இருந்ததைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு பருமனாகும். அந்த வெப்பநிலைக்கு மேல் நீரை இழந்து மீண்டும் தூளாகும். நம் ஊர்ச் சுவர்களின் வெப்பநிலை பகலில் இந்த எல்லையைத் தாண்டுவதும் இரவில் அதற்குக் கீழே இறங்குவதும் ஆண்டின் பெரும்பகுதியில் நடப்பதால், ஒரே உப்பு திரும்பத் திரும்பச் சுருங்கியும் பருத்தும் பூச்சைத் தளர்த்திக்கொண்டே இருக்கும்.

சாதாரணச் சமையலுப்பான சோடியம் குளோரைடு வேறு வகையில் குழப்பம் செய்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் விடியற்காலை ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுவது வழக்கமான ஒன்று. ஆகவே, தரையிலிருந்து ஏறும் நீரை முழுவதுமாக நிறுத்திய பிறகும், உப்பு மண்டிய பழைய பூச்சைச் சுவரிலேயே விட்டுவைத்தால், மப்பும் மந்தாரமுமான நாள்களில் சுவர் நனைந்தே தோன்றும். செய்த வேலை வீண் என்று வீட்டுக்காரர் மனம் தளர்வதும், மறுபடி வேறு ஏதோ ஒன்றைச் சுவருக்குள் செலுத்தப் பணம் செலவிடுவதும் இங்கேதான் நிகழ்கின்றன. மாட்டுத் தொழுவமாக இருந்து பிற்பாடு அறையாக மாற்றப்பட்ட கொல்லைப்புறக் கட்டடங்களில் நைட்ரேட் உப்புகள் மிகுந்திருக்கும். அவற்றில் கால்சியம் நைட்ரேட் போன்றவை இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை இழுப்பவை என்பதால், அத்தகைய சுவர்களில் எந்தப் பூச்சும் நெடுநாள் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

முதல் வேலை சுவருக்கு வெளியே

பூச்சு வேலைக்காகக் கொத்தனாரை அழைப்பதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு, தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கச் சுவரின் அடியில் இன்று நாம் போடுவது போன்ற ஓதத்தடுப்புப் படை கிடையாது. அதற்கு ஈடாகப் பேஸ்மட்டத்தை உயர்த்தி, வசதி உள்ளவர்கள் அதைக் கருங்கல்லால் கட்டினார்கள். நான்கைந்து படி ஏறித் திண்ணையை அடைந்த வீடுகள் பல, இன்று தெருவிலிருந்து ஒரு படி இறங்கி நுழையும் நிலைக்கு வந்துவிட்டன. வீடு கீழே இறங்கவில்லை. பழைய சாலையின் மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தினார்; ஆனால் அதற்கு முன்பே புதைந்துபோன பேஸ்மட்டங்களுக்கு அது உதவாது. அத்தகைய வீடுகளில் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு மண்ணை அகற்றி, சரிவு கொடுத்து, உடைகல் நிரப்பிய வடிகால் அமைப்பது எந்தப் பூச்சையும்விடப் பயன் தரும்.

வீட்டைச் சுற்றியுள்ள மண்ணை முழுவதுமாகச் சிமென்ட் தளமாக்கிவிடும் பழக்கமும் ஓதத்தைக் கூட்டுகிறது. முன்பு திறந்த மண்ணில் ஆவியான நீருக்கு இப்போது சுவர் ஒன்றே வழியாகிறது. பழைய சதுரச் செங்கல் தரையை மூடி விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டினாலும் இதே விளைவுதான். தரை பளபளக்கும், ஈரம் ஓரம் கட்டிச் சுவரில் ஏறும். மழைநீர்க் குழாய் சுவரின் காலடியிலேயே கொட்டுகிறதா, கழிவுநீர்த் தொட்டி கசிகிறதா, சுவரோரம் நட்ட செடிக்கு நாள்தோறும் நீர் பாய்கிறதா என்பவற்றையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். சுவரில் துளையிட்டு நீரை விலக்கும் வேதிப்பசை செலுத்தும் முறை புதிய, மெல்லிய, ஒரே சீரான சுவர்களில் ஓரளவு பலன் தரலாம். உள்ளே உடைசெங்கல்லும் சாந்தும் நிரப்பிய ஒன்றரையடி, இரண்டடிச் சுவரில் அந்தப் பசை இடைவெளி விடாமல் பரவும் என்று எதிர்பார்ப்பது கடினம். நான் அதைக் கடைசித் தெரிவாகவே வைப்பேன்.

கொத்துவதும் காத்திருப்பதும்

நீரின் வழிகளை அடைத்த பின், உப்புக் கோட்டுக்கு மேல் ஒன்று முதல் ஒன்றரை அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் சந்துகளில் பொடிந்த சாந்தை அரை அங்குல ஆழம் வரை சுரண்டிவிட்டு, சுவரை உலர்ந்த தூரிகையால் நன்றாகத் தேய்க்க வேண்டும். நீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவினால் மேலே வந்த உப்பு மறுபடி கரைந்து உள்ளே போகும். கொத்திய இடிபாட்டை அன்றன்றே வீட்டைவிட்டு வெளியேற்றுவது முக்கியம், ஏனெனில் அதில் இருப்பதெல்லாம் உப்பு. அதைச் சலித்துப் புதுச்சாந்தில் சேர்க்கும் சிக்கனம் இங்கே கூடாது.

பிறகு காத்திருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோருக்குப் பொறுமை போய்விடுகிறது. தடித்த சுவர் ஓர் அங்குலம் உலர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பது கட்டடத் துறையில் வெகுநாளாக வழங்கிவரும் தோராயக் கணக்கு. குளிர்நாடுகளில் தோன்றிய கணக்கு அது. நம் கோடையில் சற்று விரைவாகவே உலரும் என்றாலும், ஒன்றரையடிச் சுவர் பத்து நாளில் உலர்ந்துவிடாது. மாசி, பங்குனியில் கொத்திவிட்டுக் கோடை முழுவதும் சுவரை வெறுமையாக விட்டு, ஆவணி அளவில் பூசுவதே சமவெளி ஊர்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. வடகிழக்குப் பருவமழைக்கு முன் பூச்சு இறுகவும் காலம் கிடைக்கும். நீலகிரியின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழையே பெரிது என்பதால் அங்கே இந்தக் கணக்கை முன்னுக்குத் தள்ள வேண்டும்.

எதைப் பூசுவது

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும். சுட்ட சுண்ணாம்பு நீரில் நீற்றப்பட்டு, மணலோடு கலந்து பூசப்பட்ட பின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மறுபடி சுண்ணாம்புக்கல்லாக மாறுவதே அது இறுகும் முறை. இதற்கு நாளாகும், ஆனால் இறுகிய பின்னும் துளைகள் திறந்தே இருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பு மிகத் தூயது, மெதுவாக இறுகுவது. ஈரம் மிகுந்த அடிச்சுவருக்கு அதனோடு நன்றாகச் சுட்ட செங்கல் பொடியான சுர்க்கியைச் சேர்த்தால், சுண்ணாம்போடு அது வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும் தன்மையைத் தரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மொத்தம் மூன்று பங்கு மணலும் சுர்க்கியும் என்பது தொடக்கத்துக்கு ஏற்ற அளவு. உள்ளூர் மணலின் தன்மையைப் பார்த்துக் கொத்தனார் இதைச் சற்று மாற்றுவார். கடற்கரை மணலை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் முட்டை வெண்கருவும் சேர்த்த செட்டிநாட்டுப் பூச்சைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், அவற்றைச் சேர்த்தால் ஓதம் தீரும் என்று நம்புவதுண்டு. அவை பூச்சின் வழவழப்பையும் இறுக்கத்தையும் மாற்றுபவை. தரையிலிருந்து ஏறும் நீரை நிறுத்துபவை அல்ல. மெருகேற்றிய அந்த மேல்பூச்சை உப்பு இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும் சுவரில் உடனே பூசுவது வீண் செலவு. முதலில் சாதாரணச் சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் பூசி, எஞ்சிய உப்பை அது ஏற்றுக்கொள்ள விட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அது கெட்டிருந்தால் அதைக் கொத்தி எடுத்துவிட்டு நிலையான பூச்சைப் பூசுவதே இத்தகைய சுவருக்கு ஏற்றது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஒரு கரண்டி சிமென்ட்டைக் கலவையில் தூவும் வழக்கத்தை வேலை தொடங்கும் முன்பே பேசித் தடுத்துவிட வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் இப்போது பரவலாகிவரும் ஜிப்சம் பூச்சும் இங்கே பொருந்தாது. ஜிப்சம் ஈரத்தில் மெல்லக் கரைந்து வலுவிழக்கும்.

பூசுவதற்கு முன் சுவரில் நீர் தெளித்து, செங்கல் சாந்தின் நீரை ஒரேயடியாக உறிஞ்சாதபடி செய்ய வேண்டும். ஒரு தடவைக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிப்பு போதும். அடுத்த பூச்சுக்கு ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும். வெயிலும் ஆடிக்காற்றும் நேரடியாகப் படும் சுவரில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் லேசாக நீர் தெளித்து வந்தால் வெடிப்பு விழாது. சுண்ணாம்பை வேலையிடத்திலேயே நீற்றுவதானால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நீற்றும்போது நீர் கொதிக்கும் அளவுக்கு வெப்பம் எழும்; ஒரு துளி தெறித்தாலும் கண் பாழாகிவிடும்.

காற்றிலிருந்து படியும் ஈரம்

30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 26 பாகையில் உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீராகப் படியத் தொடங்கும். முன்பெல்லாம் சமவெளியில் இத்தனை குளிர்ந்த சுவர் அரிது. இப்போது படுக்கையறை ஒன்றில் மட்டும் ஏசி வைத்து 20 பாகையில் இரவெல்லாம் ஓடவிடுவதால், அந்த அறைக்கும் நடைவழிக்கும் இடையிலுள்ள நாலரை அங்குலச் சுவரின் மறுபக்கம் குளிர்ந்து, நடைப்பக்கத்துக் காற்றின் ஈரம் அதில் படிகிறது. மக்கள் இதைக் குழாய்க் கசிவு என்று எண்ணிச் சுவரை உடைக்கிறார்கள். ஏசியை 25, 26 பாகையில் வைப்பதே பல வீடுகளில் இதை நிறுத்திவிடும். அத்தகைய அறையில் ஜன்னலைத் திறந்துவைத்து ஈரத்தை உலர்த்த முயன்றால், வெளிக்காற்று மேலும் நீரைக் கொண்டுவந்து சேர்க்கும்.

உதகையின் பழைய பங்களாக்களில் நிலைமை நேர்மாறு. உள்ளே சமைப்பதும் வெந்நீரில் குளிப்பதும் துணி உலர்த்துவதும் காற்றில் நீராவியைச் சேர்க்கின்றன. இரவுக் குளிரில் வெளிச்சுவர் சில்லிடுகிறது. குளிருக்கு அஞ்சி ஜன்னல்கள் அடைத்தே கிடக்கின்றன. 18 பாகையும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் சுவரின் உட்பரப்பு 12 பாகைக்கு இறங்கினால் போதும், அது வியர்க்கத் தொடங்கும். அங்கே சமையலறையிலும் குளியலறையிலும் நீராவியை உடனுக்குடன் வெளியேற்றும் விசிறியும், பகலில் சிறிது நேரம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறப்பதும்தான் மருந்து. சமவெளியிலும், வானம் பார்த்த முற்றத்தைப் பிளாஸ்டிக் தகடு போட்டு முழுவதுமாக மூடிய வீடுகளில் இதே தொல்லை தோன்றுகிறது. மூடித்தான் ஆக வேண்டுமென்றால், தகட்டை ஓட்டுக் கூரைக்கு மேல் ஓரடி உயர்த்தி நான்கு பக்கமும் காற்றுக்கு வழி விட வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு சிறிதளவு நீராவியை ஏற்று மெதுவாகத் திருப்பித் தருவதாலும், புதிதாக இருக்கையில் காரத்தன்மை மிகுந்திருப்பதாலும் பூஞ்சை அதில் எளிதில் பிடிக்காது. ஆனால் காற்றோட்டம் இல்லாத அறையை அது மட்டுமே காப்பாற்றிவிடாது.

பூச்சு இறுகிய பின் மேலே அடிப்பது சுண்ணாம்பாகவே இருக்கட்டும். நிறம் வேண்டுமானால் காவி போன்ற மண்நிறங்களை அதிலேயே கரைக்கலாம். கையில் ஒட்டுகிறது என்று சிலருக்கு அது பிடிப்பதில்லை. அவர்கள் நாற்காலி உராயும் இடங்களில் மரச்சட்டம் ஒன்றைச் சுவரில் பொருத்திக்கொள்ளலாம், எமல்ஷனுக்குப் போக வேண்டியதில்லை. முதல் ஓரிரு மழைக்காலங்களுக்குப் பின் ஆங்காங்கே உப்பு பூத்தால் உலர்ந்த தூரிகையால் தட்டித் தாளில் ஏந்தி வெளியே கொட்டிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் மறுபடி சுண்ணாம்பு அடித்தால் போதும்.